பச்சை மூடி, சிவப்புக் கழுத்து, மஞ்சள் உடம்பு

பிள்ளைக்கு நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா கல்யாண வேலையில் பம்பரமாகச் சுற்றுகிறாள். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, முகத்துவாரம் அடைபடாமல் திறந்திருக்கிறது, அதனால் ஊரே சந்தோஷமாக இருக்கிறது.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. வெள்ளைச் சட்டை நன்றாக இருக்கிறது. தோளில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அது படகில் நின்று கோல் ஊன்றி ஊன்றி அகன்ற தோள், தையல்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த கறுப்புப் பேனாவையும் பார்த்தேன். வழவழவென்ற உடம்பு, பொன் நிறத்தில் நிப்பு, கையில் எடுத்தால் நல்ல கனம். மை ஊற்றி என் பெயரை எழுதிப் பார்த்தேன், தண்ணீர் போல ஓடியது. பேனா விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன், அருமையான பேனா. ஆனால் பார்சலுக்குப் பின்னாலேயே உன் போனும் வந்தது. "நைனா, கல்யாணத்தன்னிக்கு பாக்கெட்ல அத்த சொருவிக்கினு வா. கலர் கலரா ஒண்ணு வச்சிக்கினு திரியறியே, அது வேணாம். அப்பறம், மேடையில கூப்ட்டு பேனா குடுக்கறதெல்லாம் வேணாம்னு ஊர்ல சொல்லிடு. எனக்கு எதுக்கு பாடு? நான் வல போடப் போறனா?" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். போனில் எனக்குப் பேச்சு ஓடாது என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ "சிக்னல் இல்ல" என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதைக் கவிதாவும் படிக்க வேண்டும். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுவேன், முகம் சுளிக்காதே. கவிதாம்மா, ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. கடல் ஏரிக்குள் வரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் அள்ளலாம், உள்ளே போகப் போக நாள் முழுக்க நின்றாலும் குழம்புக்குத்தான் தேறும். எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால் அடிதடிதான். அதனால் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடிச் சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்வோம். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு கிடைக்க வேண்டுமென்றால் இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனவன்தான் தலைக்கட்டு. அதாவது உன் வருங்காலப் புருஷன் கம்ப்யூட்டரில் எத்தனை பெரிய வேலை பார்த்தாலும், எங்கள் ஏரிக்கு அவன் இன்றுவரை சின்னப்பயல். தாலி கட்டிய பிறகுதான் பெரிய மனிதன். அப்படி ஆகும் நாளில் ஊர் அவனுக்கு ஒரு பேனா கொடுக்கும். ஏன் பேனா என்று நீ கேட்பாய். கேட்கவேண்டிய கேள்விதான்.

அதற்கு என் பள்ளிக்கூட நாளிலிருந்து வரவேண்டும். எல்லோரும் மைப்பேனாவில் எழுதிய காலம் அது. எல்லாப் பேனாவும் ஒரே மாதிரி அச்சில் வார்த்தது. சிவப்புப் பேனா என்றால் மூடியிலிருந்து அடிவரைக்கும் சிவப்பு, பச்சை என்றால் முழுக்கப் பச்சை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எனக்கு எப்போதுமே அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பச்சை மூடியைக் கழற்றி என் சிவப்புப் பேனாவில் போட்டேன், அது பொருந்தியது. என் மூடியை அவனுக்குப் போட்டேன், அதுவும் பொருந்தியது. இரண்டு பேருக்கும் புதுப் பேனா கிடைத்தது போல இருந்தது. அன்றைக்கு மாலைக்குள் வகுப்பு முழுக்க மூடி மாறிவிட்டது. வாத்தியார் "யார்ரா இத்த ஆரம்பிச்சது?" என்று கேட்டார். நான் பெருமையாக எழுந்து நின்றேன், பெருமையாகவே உதையும் வாங்கினேன்.

பிறகு படிப்பை விட்டு வலைக்கு வந்தாலும் அந்தப் பைத்தியம் விடவில்லை. இறால் போட பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் கோர்ட்டு வாசலில் நிற்பேன். பத்திரம் எழுதுகிறவர்களுக்குப் பேனா விற்கும் ஒருவர் அங்கே குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு தகர டப்பா நிறைய அநாதை உறுப்புகள் இருந்தன: மூடி தொலைந்த உடம்பு, உடம்பு உடைந்த மூடி, நிப்பு இல்லாத கழுத்து. "இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்பார். "சும்மா" என்பேன். ஒருநாள் அவர் முன்னாலேயே உட்கார்ந்து நீல உடம்புக்கு ஆரஞ்சு மூடி போட்டு, நடுவில் வெள்ளைக் கழுத்து வைத்துக் காட்டினேன். மனிதர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார், திருப்பித் தரவே இல்லை. அன்றுமுதல் அவர் டப்பா எனக்குத் திறந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை வேலை இல்லையென்றால் பாயில் எல்லாவற்றையும் கொட்டி வைத்துக்கொண்டு, இதற்கு அது, அதற்கு இது என்று மாற்றிக்கொண்டே இருப்பேன். புதிதாக வந்த உன் அம்மா கொஞ்ச நாள் பார்த்தாள். "நான் வளையல் மாத்தறதுகூட இவ்ளோ நேரம் ஆவாது" என்றாள். பிறகு அவளும் வந்து உட்கார்ந்து, "அந்த ரோஸ் மூடிய இதுக்குப் போடு" என்று சொல்ல ஆரம்பித்தாள். இதில் எந்த லாபமும் கிடையாது, எந்தப் படிப்பினையும் கிடையாது. திருகு மரை ஒன்றாக இருந்தால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் சேரும், சேர்த்துப் பார்ப்பதில் ஒரு குஷி, அவ்வளவுதான். இதைக் கல்யாணத்துக்கு உதாரணமாகச் சொல்லிப் பெரிய மனிதனாகப் போகிறேன் என்று நீ பயந்திருப்பாய். சொல்ல மாட்டேன், கவிதாவை மூடி என்று சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது.

அந்த நாளில் பாடு பிரிக்கச் சீட்டெடுப்பது வேறு மாதிரி. அவரவர் கைக்குக் கிடைத்ததைப் பானைக்குள் போடுவார்கள். ஒருவர் சிப்பி, ஒருவர் வலையில் கட்டும் ஈயக்குண்டு, ஒருவர் பனை ஓலையில் முடிச்சு. யாருடையது முதலில் வெளியே வருகிறதோ அவருக்கு முகத்துவாரம். எனக்குக் கல்யாணமான வருஷம் பானையிலிருந்து முதலில் வந்தது ஒரு ஈயக்குண்டு. இரண்டு பேர் எழுந்து "என்னுது" என்றார்கள். இரண்டு பேருமே ஈயக்குண்டு போட்டிருந்தார்கள், இரண்டும் ஒரே அச்சு. வாய்ப்பேச்சு கோலடியில் முடிந்தது. ஒருவர் மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது, இறால் வருகிற நேரத்தில் எந்தப் படகும் ஏரியில் இறங்கக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டுவிட்டது. முகத்துவாரத்தில் இறால் துள்ளிக்கொண்டு போவதைக் கரையில் நின்று பார்த்தோம். அடுத்த கூட்டத்தில், மறுபடியும் இப்படி ஆகாமல் என்ன செய்வது என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நான் எழுந்து என் டப்பாவைக் கொட்டினேன்.

சிரித்தார்கள். நான் விடவில்லை. "கடையில சிவப்பு பேனா யார் வேணும்னாலும் வாங்கலாம். இந்தச் சேர்க்கைய எந்தக் கடையில வாங்குவீங்க? ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு பேனா. ஒருத்தனுக்குக் குடுத்த சேர்க்கைய இன்னொருத்தனுக்குக் குடுக்க மாட்டேன். எல்லாரும் பாக்கறாப்பல குடுக்கலாம், ஊரே சாட்சி" என்றேன். யாரோ ஒருவர் "பாக்கறதுக்கு நல்லாத்தான் கீது" என்றார். ஊரில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும். அன்று தொடங்கியதுதான் இன்றுவரை நடக்கிறது. சீட்டெடுக்கும் நாளில் பேனாக்கள் பானைக்குள் போகும், ஒவ்வொன்றாக வெளியே வரும், தூரத்தில் நிற்கும் கிழவனுக்குக்கூட யார் பேனா என்று கத்தத் தெரியும். ஊதா மூடி, வெள்ளைக் கழுத்து, சிவப்பு உடம்பா? அது கோடி வீட்டு மாரியுடையது. புதிதாகக் கல்யாணம் ஆகிறவனுக்கு அவன் கல்யாண மேடையிலேயே கொடுப்பதும் அதனால்தான். ஊர் மொத்தமும் ஒன்றாகக் கூடி, கண்ணை விரித்துப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். மாப்பிள்ளை தானே கையை நீட்டி வாங்க வேண்டும், வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அவனுக்குப் பதிலாக அப்பா வாங்க முடியாது, பெண்டாட்டி வாங்க முடியாது. ஒரு முறைதான் கூப்பிடுவது. கை நீட்டவில்லையென்றால் அவனுக்குப் பாடு வேண்டாம் என்று அர்த்தம், பிறகு எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. நீ போனில் வேண்டாமென்றாய் பார், அது இதுதான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஊரில் உன்னைப் பார்த்தால் இன்றும் சிலர் "இன்னாடா, ஜோடி சேத்துட்டியா?" என்று கேட்கிறார்களே, அதற்குக் காரணம் கவிதாவுக்குத் தெரியாது. நீயும் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டாய். ஒவ்வொரு வருஷமும் சீட்டுக்கு முதல் நாள் எல்லோரும் பேனாவை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். உள்ளே மை காய்ந்து கிடக்கும். நான் கழற்றிக் கழுவி, வெள்ளைத் துணியில் ஒவ்வொரு பேனாவின் உறுப்புகளையும் தனித்தனியாகக் குவித்து உலர வைப்பேன். நீ அப்போது பள்ளிக்கூடம் சேராத பொடியன். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ துணியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டிருந்தாய். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். எல்லாவற்றையும் இறுக்கமாக முறுக்கி வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் "எல்லாம் தப்பா இருந்துச்சி நைனா, நான் ஜோடி சேத்துட்டேன்" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. வெளியே கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது, பானை வந்துவிட்டது, என் கையில் இருப்பதோ கடையில் விற்கிற வெறும் கலர் பேனாக்கள்.

மறைத்துப் பிரயோஜனமில்லை என்று துணியோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்துச் சொன்னேன். ஈயக்குண்டுச் சண்டையில் மண்டை உடைந்தவர் கோலைத் தேடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்போது அஞ்சலை அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆண்களைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இதுக்கா முழிக்கிறீங்க? கோடி வீட்டு மாரி கல்யாணத்துல நான் ஊதா சேல கட்டியிருந்தேன், 'உன் சேல கலர்லயே மூடி குடுத்துட்டாங்க'ன்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. ஊதா மூடிய எடு" என்றாள். அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பேனா தொடங்கிய கூட்டத்தில் யார் எதற்கு அடம்பிடித்தார், யார் கல்யாணத்தில் மழை பெய்தது, யார் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்தது, எந்த மாப்பிள்ளை பேனாவைத் தூக்கிக் காட்டும்போது மை சொட்டி நெற்றியில் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, சிரித்துச் சிரித்து, எல்லாப் பேனாவையும் பழையபடி சேர்த்துவிட்டார்கள். ஒருவர்கூட என்னுடையது இதில்லை என்று சொல்லவில்லை. கடைசியில் என் பேனா மட்டும் பாக்கி. என்னுடையதற்கு வெள்ளை மூடி. ஆனால் வெள்ளை மூடியை வேறு யாருக்கோ போட்டாகிவிட்டது, அவரும் அது தன்னுடையதுதான் என்று சாதித்தார். துணியில் மிச்சம் கிடந்தது ஒரு பச்சை மூடி. நான் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பச்சை மூடி, சிவப்புக் கழுத்து, மஞ்சள் உடம்பு. நிச்சயதார்த்தத்தன்று என் பாக்கெட்டில் இருந்த பேனா இதுதான். உனக்குக் கண்ணை உறுத்துகிறதே, அந்தச் சேர்க்கையை உண்டாக்கியவன் நீ. நல்ல நாளுக்கெல்லாம் நான் அதையே சொருகிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம். பொன்னிலே செய்து கொடுத்தாலும் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க மாட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முடிந்ததும் பெண் வீட்டாரை நம் ஊர்ப் பழைய டச்சுக்காரர் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டினாய், பலகைபலகையாகக் கிடக்கும் கல்லில் எழுத்தைத் தடவிப் படித்துக் காட்டினாய், எந்தக் கல்லில் எந்தக் கப்பல்காரர் என்று வாய் ஓயாமல் பேசினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது கவிதா என் சட்டைப்பையைப் பார்த்து, "மாமா, இந்தப் பேனா சூப்பரா இருக்கே, எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே வந்து, "அது சும்மா, சின்னப் பசங்க வெளயாட்டு. வா, அந்தக் கல்லக் காட்டறேன்" என்று அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஹாலந்துக்காரனைக் காட்ட உனக்குக் கூச்சமில்லை, உயிரோடு பக்கத்தில் நிற்கிற நைனாவைக் காட்டக் கூச்சம். எனக்கு வலித்தது. வலித்ததை வலித்தது என்றே எழுதுகிறேன், வேறு என்ன சொல்லி எழுத? வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "வுடு, பொண்ணு வூட்டு ஆளுங்க முன்னாடி எல்லா ஆம்பளையும் அப்பிடித்தான். நீயும் எங்க வூட்டுக்கு வந்தப்ப செருப்பு கடன் வாங்கிப் போட்டுனு வந்தவன்தான" என்றாள். அது உண்மை. செருப்பும் ஒரு அளவு சின்னது.

ஆகவே கோபம் அன்றே போய்விட்டது. பேனா என்னுடையது, என் பாக்கெட் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்வேன். என் கவலையெல்லாம் உன் கையைப் பற்றித்தான். உனக்குச் சித்தப்பாவைத் தெரியும். எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக, யார் படகில் ஆள் குறைந்தாலும் ஏறிக்கொள்கிறவர். அவருக்கு ஏன் சொந்தப் பாடு இல்லை என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. என் தம்பிக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, இரும்பு பூட்ஸ், மாதம் பிறந்தால் சம்பளம். கல்யாண மேடையில் நான்தான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் பக்கத்தில் நின்ற கம்பெனி நண்பர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டான். ஒரு முறைதான் கூப்பிடுவது, நான் ஒரு முறைதான் கூப்பிட்டேன். கையில் இருந்த பேனாவைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். கொஞ்ச வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவன் குப்பத்துக்கே திரும்பி வந்தான், ஊரும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டது, வேலை கொடுத்தது, சோறு போட்டது. பாடு மட்டும் கொடுக்கவில்லை. ஊர் கெட்ட ஊர் இல்லை. ஒருவனுக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்கவேண்டும், ஏரி அவ்வளவு பெரியதில்லை. சீட்டெடுக்கிற நாளில் சித்தப்பா ஊரில் இருக்க மாட்டார், கவனித்திருக்கிறாயா? பொன்னேரியில் எந்தப் படம் ஓடினாலும் போய் உட்கார்ந்துவிடுவார். என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நீ வலை போடப் போவதில்லை, எனக்குத் தெரியும். வலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே உனக்குத் தெரியாது, உன்னைப் படகில் ஏற்றினால் நஷ்டம் எங்களுக்குத்தான். ஊரில் இல்லாதவனின் முறையை வேறொருவர் போட்டுக்கொள்ளலாம் என்று நம்மிடம் வழக்கம் இருக்கிறது. உன் முறையில் சித்தப்பா வலை கட்டட்டும். நீ விட்டுக்கொடுத்தால் யாரும் தடுக்க முடியாது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் கம்பெனிக்காரர்கள் நாளைக்கு உன்னை வேண்டாமென்று சொல்லலாம். நீ எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சொல்லலாம், அவர்களுக்கு உன் முகம் தெரியாது. இந்த ஏரிக்கரையில் மட்டும் நீ பேனாவைத் தூக்கிக் காட்டினால் ஐம்பது வருஷம் கழித்தும் யாராவது ஒரு அஞ்சலை, "அன்னிக்கு நான் இன்ன சேல கட்டியிருந்தேன், இது அவன் பேனா" என்று சொல்வாள். அவ்வளவு பேர் நீ யாரென்று ஞாபகம் வைத்திருக்கும் இடத்தை ஒருவன் சும்மா விட்டுவிட்டுப் போகக்கூடாது. போகிற இடத்துக்குப் போ, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ. பெயர் இங்கே இருக்கட்டும்.

உன் பேனாவை நான் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். செய்கிறேன் என்று சொல்வதைவிட விளையாடுகிறேன் என்று சொல்லலாம், இவ்வளவு குஷியாக நான் விளையாடி வெகுநாள் ஆகிறது. முதலில் நீல உடம்பு, வெள்ளை மூடி வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் போல இருந்தது. கறுப்பு உடம்புக்கு ரோஸ் மூடி, அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். உள்ளே மை தெரிகிற கண்ணாடி உடம்பு ஒன்று வெகுநாளாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குக் கத்தரிப்பூ நிறக் கழுத்து அழகாக உட்கார்ந்தது. மூடிதான் முடிவாகவில்லை. நீ அனுப்பிய கறுப்புப் பேனாவின் மூடியைக்கூட முறுக்கிப் பார்த்தேன். மரை சேரவில்லை, அது வேறு ஊர் அச்சு. அதற்காக அதை மூலையில் போட்டுவிடவில்லை. என் சட்டைப்பை பெரியது, கல்யாணத்துக்கு இரண்டையும் சொருகிக்கொண்டு வருவேன். உன் மாமனார் எதைக் கேட்டாலும் அதைப் பற்றிப் பேசுவேன். மூடியைக் கவிதாவே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும், அவள் கண்ணில் பழுதில்லை. நீ சொல்லக்கூடாது, நீ ஜோடி சேர்த்துவிடுவாய்.

இனி கடைசி விஷயம். நேற்று ஊர்க்கூட்டம் நடந்தது. வேன் எத்தனை மணிக்கு, யார் யார் ரயிலில் வருவது, பெரம்பூரில் மண்டபம் எங்கே என்பதெல்லாம் பேசி முடித்தார்கள். எல்லோரும் எழுந்திருக்கும்போது நான் உட்காரச் சொன்னேன். நான் கூட்டத்தில் எனக்காக எதையும் கேட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். "எம்புள்ளய ரெண்டு தபா கூப்டணும்" என்றேன். ஒருவர் மெதுவாகக் கேட்டார், "உன் தம்பிய எத்தினி தபா கூப்ட?" என்று. நியாயமான கேள்வி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. பாடு இல்லாதவர் கூட்டத்தில் பேசக்கூடாது, அவர் இத்தனை வருஷத்தில் பேசியதும் இல்லை. "நான் பேசக்கூடாது, தெரியும். ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குக் கையக் கட்டிக்கினு நின்னேனே, அண்ணன் பேனாவ உள்ள வச்சப்பவே எனக்கு மனசு மாறிடிச்சி. இன்னொரு தபா கூப்ட்டிருந்தா நீட்டியிருப்பேன். அவன ரெண்டு தபா கூப்டுங்க" என்றார். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது. கூட்டம் ஒத்துக்கொண்டது. முதல் முறை நான் கூப்பிடுவது, இரண்டாவது முறை சித்தப்பா கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

நீ கை நீட்டுவாய், எனக்கு அதில் சந்தேகமே இல்லை, நீ என் பிள்ளை. நான் உன்னிடம் கேட்பது வேறு. நான் கூப்பிடும்போது நீட்டாதே. கவிதா வீட்டார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு நில். சித்தப்பா ஒரு முறை கூப்பிடட்டும்.